கை நனைக்காதவன் எழுதிய பக்கம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, இந்தத் துறைக்குக் கட்டடமும் கட்டிக் கொடுத்து, இன்று நடுநாயகமாக வீற்றிருக்கும் சலவை ஆலை உரிமையாளர் பெருந்தகை அவர்களே! முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே! வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்திருந்தும், என் பேச்சைக் கேட்க வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறுமைப் பெருங்கடல்களே! பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த கையோடு, 'இது என்ன படிப்பு, படித்தால் என்ன வேலை கிடைக்கும்' என்ற கவலையைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! அதே கவலையை மீசைக்குள் மறைத்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! இன்று முதல் மானிடவியல் பயில வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! இந்தக் கூடத்துக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நமக்காகச் சமைத்துக்கொண்டிருக்கும், எந்த மேடையிலும் எவரும் இதுவரை விளித்திராத சமையற்காரப் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னைப் பேச அழைத்த தம்பி, 'ஆய்வின் ஊற்று, அறிவின் ஆழி, மனிதனைப் படித்த மாமனிதர்' என்று அடுக்கினார். அவர் அடுக்க அடுக்க, இந்த மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. சிரிக்கிறீர்கள். அவையடக்கம் என்று நினைத்துச் சிரிக்கிறீர்கள். அடக்கம் அல்ல அன்பர்களே, அச்சம்! ஏன் என்று என் பேச்சு முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மானிடவியல் ஓர் அறிமுகம். மானிடவியல் என்றால் என்ன? மீனைப் பற்றிப் படிப்பவர் மீன் அல்ல. மரத்தைப் பற்றிப் படிப்பவர் மரம் அல்ல. பின்வரிசையில் ஒரு மாணவர் பக்கத்து மாணவரை விரலால் சுட்டிக் காட்டுகிறார். அதை நீங்கள் இருவரும் வெளியில் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் மனிதனைப் பற்றிப் படிப்பவன் மட்டும் மனிதன். பார்ப்பவனும் மனிதன், பார்க்கப்படுபவனும் மனிதன். மீன் உங்களைப் பார்த்து வெட்கப்படாது. மரம் உங்களுக்காக ஒதுங்கி நிற்காது. மனிதன் வெட்கப்படுவான், ஒதுங்குவான், விருந்தாளி வந்தால் குரலைத் தாழ்த்துவான். இந்தப் படிப்பின் பெருமையும் அங்கேதான், பேராபத்தும் அங்கேதான்.

சரி, மனிதப் பண்பாடு எங்கே பிறந்தது? கல்லை உடைத்துக் கூராக்கிய கையிலா? காட்டுத்தீயைக் கண்டு ஓடாமல் நின்ற காலிலா? செத்தவனை நரிக்கு விட்டுப் போக மனம் வராமல் குழி தோண்டிய நெஞ்சிலா? அறிஞர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஒரு நடையில் பிறந்தது என்பேன்! பசித்த விலங்கு பெரும்பாலும் கிடைத்த இடத்தில் தின்னும். ஆனால் என்றோ ஒருநாள், கிடைத்ததைத் தின்னாமல், ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, கூட்டத்தை நோக்கித் திரும்பி நடந்தான் பாருங்கள் ஒருவன்! நடந்தாள் பாருங்கள் ஒருத்தி! தின்றிருக்கலாம், தின்னவில்லை. ஒளித்திருக்கலாம், ஒளிக்கவில்லை. கொண்டு வந்தார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கூறு போட்டார்கள். மனித மொழியின் முதற்சொல் எது என்று எவருக்கும் தெரியாது. அது 'இந்தா' என்ற சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை!

கைதட்டுகிறீர்கள். வேண்டாம், தட்டாதீர்கள். நான் இப்போது சொன்ன அத்தனையும் என் நூலின் எண்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாகப் பல கல்லூரிகளில் பாடமாக இருக்கும் நூல். அதன் ஏழாம் பதிப்புதான் இன்று இந்த மேடையில் வெளியாக வேண்டும். அதோ, நாடா கட்டி வைத்திருக்கிறார்கள். முதற்படி தலைவர் கையில் இருக்கிறது. எண்பத்திரண்டாம் பக்கத்துக்கு நீங்கள் தாராளமாகக் கைதட்டலாம். ஆனால் நான் பேச வந்தது எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றி.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், முனைவர் பட்ட ஆய்வுக்காக நம் தலைவர் அவர்களின் சலவை ஆலைக்குப் போனேன். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள், விடுதித் துண்டுகள், தலையணை உறைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். ஒரு பக்கம் பாய்லர், ஒரு பக்கம் துவைக்கும் தொட்டிகள், நடுவில் இஸ்திரிக் கூடம். அந்தக் கூடத்தில் ஒரு நீண்ட மேசை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீளும். மேலே தடித்த கம்பளி விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி இழுத்துக் கட்டி, ஆங்காங்கே சூடு பட்டுப் பழுப்பேறிய மேசை. பதினெட்டுப் பேர் வேலை செய்தார்கள். கூடத்தின் மூலையில், மின்விசிறிக்குக் கீழே, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் நோட்டு. என் பெயரே 'நோட்டு சார்' ஆகிவிட்டது.

என் பேராசிரியர் எனக்கு ஒரு விதி சொல்லி அனுப்பியிருந்தார். "ஆய்வுக்குப் போகிற இடத்தில் கை நனைக்காதே. ஒரு வாய் உண்டால் உறவாகிவிடுவாய். உறவாகிவிட்டால் உண்மை கண்ணுக்குத் தெரியாது." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முதல் நாள் நண்பகல். இஸ்திரி போடும் பெண்களில் மூத்தவர், எல்லாரும் இஸ்திரி அக்கா என்று அழைப்பவர், என் முன்னால் வந்து நின்றார்.

"சார், வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

"வேணாம்மா. நீங்க சாப்பிடுங்க. என்னைக் கண்டுக்காதீங்க."

இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாளும் வந்தார். "ஏன் சார், எங்க கைச் சாப்பாடு ஒத்துக்காதா?" என்று கேட்டார். நான் ஒரு புன்னகையைப் பூசிக்கொண்டு தலையை ஆட்டினேன். பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பாய்லர் மாமா என்று அவருக்குப் பெயர். "விடும்மா. சாருக்கு எழுத எழுத வயிறு ரொம்பிரும் போல!" எல்லாரும் சிரித்தார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். 'நகைச்சுவை உணர்வு உண்டு' என்று! நாலாம் நாளிலிருந்து யாரும் என்னை அழைக்கவில்லை.

பதினோரு வாரம். அறுபத்தாறு நண்பகல். நான் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். என் டிபன் பாக்ஸை மூன்று மணிக்குமேல் பேருந்து நிறுத்தத்தில் போய்த் திறப்பேன். அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? இரண்டு பேர் பாய்லருக்குப் பின்னால். இரண்டு பேர் தொட்டிப் பக்கம். நின்றபடி, சுவரைப் பார்த்தபடி, அவசர அவசரமாக. முடிந்ததும் அடுத்த இரண்டு பேர். எத்தனை பேர், எந்த இடம், எத்தனை நிமிடம் என்று கட்டம் போட்டுக் குறித்தேன். முதல் வாரக் குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. போன வாரம்தான் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். 'நண்பகலில் மேசைத் துணியைச் சுருட்டுகிறார்கள். பிறகு மீண்டும் விரிக்கிறார்கள். காரணம்: தூசி தட்டுவதற்காக இருக்கலாம்.'

தூசி தட்டுவதற்காகவாம்! முனைவர் பட்டம் வாங்கிய மூளை, அன்பர்களே!

அந்தக் கட்டங்களை வைத்து எழுதியதுதான் எண்பத்து மூன்றாம் பக்கம். படிக்கிறேன். 'இத்தொழிலாளர்களிடையே சேர்ந்து உண்ணும் வழக்கம் இல்லை. நின்றவாறும், இருவர் இருவராகவும், சுவரை நோக்கியும் உண்கின்றனர். நெருப்பைச் சுற்றி அமர்ந்த ஆதி மனிதன் நமக்கு விட்டுச்சென்ற பழக்கத்தை ஆலை வாழ்க்கை இவர்களிடமிருந்து முற்றாகத் துடைத்துவிட்டது.' என்ன நடை! என்ன நயம்! இதற்குத்தான் எனக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள்.

தலைவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'தலைப்புக்கு வரவும்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, தலைப்புக்குள்ளேதான் நிற்கிறேன். தலை குனிந்து நிற்பதால் உங்களுக்குத் தெரியவில்லை.

நூல் வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழித்து ஆலையைப் புதுப்பித்தார்கள். புதிய இயந்திரங்கள் வந்தன. நீண்ட மேசை தேவைப்படவில்லை. கூடத்தின் ஓரத்தில், சுவரோடு சுவராக, ஒரு முழ அகலத்தில் ஒரு பலகை அடித்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். பன்னிரண்டு மணிக்கு முதல் இரண்டு பேர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். மணி அடித்தால் எழ வேண்டும், அடுத்த இரண்டு பேர் வர வேண்டும். அப்போது எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் நூலில் கண்டவாறே, தொழிலாளர்களின் இயல்பான பழக்கத்தை ஒட்டியே உணவு நேரத்தை அமைத்துள்ளோம். நன்றி.' தலைவர் அவர்களே, அது தாங்கள் கையொப்பமிட்ட கடிதம். உங்கள் மேல் குற்றம் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. படித்தவன் எழுதியதை நம்பினீர்கள், அவ்வளவுதான். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்துக்குச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன்!

ஆறு ஆண்டுகளுக்கு முன், மாணவர்களை அழைத்துக்கொண்டு அந்த ஆலைக்குப் போனேன். பலகையில் இரண்டு பேர் சுவரைப் பார்த்து உண்டுகொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீர்களா? நூலில் உள்ளபடியே!" என்று முழங்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நல்லா இருக்கீங்களா நோட்டு சார்?"

இஸ்திரி அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. மாணவர்கள் சூழ்ந்து நிற்க, அவர் அமைதியாகச் சொன்னார்.

"பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்றீங்களே சார். நாங்க எப்பவும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். மத்தியானம் ஆனா மேசைத் துணியைச் சுருட்டுவோம். அந்தப் பக்கம் ஒம்பது பேரு, இந்தப் பக்கம் ஒம்பது பேரு. உங்களுக்கும் சேர்த்துத்தான் துணியைச் சுருட்டுனோம். நீங்க வேணாம்னுட்டீங்க."

"அதனால என்னம்மா? நீங்க சாப்பிட்டிருக்கலாமே?"

"எப்படி சார்? ஒரு மனுஷன் மூலையில பசியோட உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்காரு. பதினெட்டுப் பேரு அவரு கண்ணு முன்னால வரிசையா உட்கார்ந்து சாப்பிட்டா அது தொண்டையில இறங்குமா? வந்தவரை வெளியில போங்கன்னு சொல்லவும் வாய் வரல. அதான் மறைவாப் போயி ரெண்டு ரெண்டு பேரா முழுங்கிட்டு வந்தோம். நீங்க கிளம்பிப் போன மறுநாளே மேசைக்கு வந்துட்டோம். அன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவே இல்ல."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். எத்தனை பேரு, எத்தனை நிமிஷம்னுதான் கேட்டீங்க. ஏன்னு ஒரு நாளும் கேக்கல."

அன்பர்களே! நான் கண்டுபிடித்த பண்பாட்டுச் சிதைவுக்குக் காரணம் ஆலை அல்ல, நான்! என் நாற்காலி! என் நோட்டு! நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த கூட்டத்தை நானே கலைத்துவிட்டு, கலைந்து கிடக்கிறார்களே என்று கண்ணீர் வடித்துக் கட்டுரை எழுதினேன்! எந்தப் பண்பு அவர்களிடம் அழிந்துவிட்டது என்று எழுதினேனோ, அந்தப் பண்புதான் பதினோரு வாரம் எனக்காக வெறுந்தரையில் நின்று உண்டது. பசித்தவன் முன்னால் உண்ண மாட்டாதவர்களைப் பார்த்து, பண்பாடு துடைத்தெறியப்பட்டவர்கள் என்று எழுதியவன் நான்.

வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு பேர் முன்னால் சொல்வது சின்ன வெட்கம். பெரிய வெட்கம் இனிமேல்தான் வருகிறது.

அன்று ஆலை வாசலில் மாணவர்களிடம் நான் என்ன சொன்னேன்? "அந்த அம்மா சொன்னதை எழுதிக்கொள்ள வேண்டாம், தேர்வில் வராது" என்றேன். அதன் பிறகு ஆறாம் பதிப்பு வந்தது. எண்பத்து மூன்றாம் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ஒற்று மிகுமா மிகாதா என்று அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் திருத்தினேன்! அந்தப் பக்கமே பிழை என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. படாமல் என்ன? பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். தெரியாமல் செய்தது ஒரு தவறு. தெரிந்தபின் மறைத்த ஆறு ஆண்டுகளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

போன வாரம் இஸ்திரி அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு நகல். என் எண்பத்து மூன்றாம் பக்கத்தின் நகல். விஷயம் இதுதான். எல்லாருக்கும் நண்பகலில் ஒரே நேரத்தில் அரைமணி இடைவேளை வேண்டும், சேர்ந்து உட்கார ஒரு மேசை வேண்டும் என்று தொழிலாளர்கள் முறையிட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. 'இவர்களிடம் அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்லை' என்று நிர்வாகம் பதில் கொடுத்திருக்கிறது. ஆதாரம்? இணைப்பு ஒன்று, என் பக்கம்!

என் மனைவி தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

"வேணாம்மா. நான் கை நனைக்க வரல. சார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கத்தான் வந்தேன். அந்தப் பக்கம் தப்புன்னு நாலு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே அந்தச் சட்டம் போட்ட கடிதம். நிமிர்ந்து பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். நான் என்ன சொன்னேன்? இன்றைய விழாவை நினைத்தேன். ஏழாம் பதிப்பை நினைத்தேன். தலைமை தாங்கப் போகிறவர் யார் என்பதையும் நினைத்தேன். நினைத்துவிட்டுச் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"ஆறு வருஷம் ஆச்சே சார். இன்னுமா யோசிக்கிறீங்க?"

எழுந்து போய்விட்டார். நீட்டிய தண்ணீர் அப்படியே இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "மனுஷனைப் படிச்சவர்னு இனிமே வெளியில சொல்லிக்காதீங்க." அன்றிலிருந்து அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். தனியாகச் சாப்பிட்டால் சோறு எப்படி இறங்கும் என்று எனக்கு ஒரு வாரமாகத் தெரிகிறது. ஆலையில் அவர்களுக்குப் பதினேழு ஆண்டுகளாகத் தெரியும்.

அடுத்த சீட்டும் வந்துவிட்டது. 'நேரம் முடிந்தது.' உண்மைதான் ஐயா. என் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் மட்டும் பொறுத்தருளுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு அறிமுகப் பாடம் நடத்த வந்தேன். பாடம் இவ்வளவுதான். எங்கே போனாலும், நீங்கள் போய் உட்கார்ந்ததும் அங்கே என்ன நின்றுபோனது என்று முதலில் பாருங்கள். எண்ணுவதற்கு முன் 'ஏன்' என்று கேளுங்கள். யாராவது 'வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க' என்றால், நோட்டை மூடிவிட்டுப் போய் உட்காருங்கள். உறவாகிவிடுவோமே என்று பயப்படாதீர்கள். உறவானால் உண்மை மறையும் என்றார் என் பேராசிரியர். உறவாகாததால் எனக்கு மறைந்த உண்மையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

இதோ, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறேன். எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அதற்குக்கூட ஒரு கூட்டம் தேவைப்பட்டது இந்தக் கோழைக்கு! படிக்கிறேன். 'எனது நூலின் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியது தவறு. சலவை ஆலைத் தொழிலாளர்கள் பதினெட்டுப் பேரும் இஸ்திரிக் கூடத்து நீண்ட மேசையில் தினமும் சேர்ந்து உண்டவர்கள். நான் அவர்கள் முன் உண்ண மறுத்து உட்கார்ந்திருந்த நாட்களில் மட்டுமே அவர்கள் பிரிந்து நின்று உண்டனர். இதை அறிந்தும் ஆறு ஆண்டுகள் மறைத்தேன்.' கையெழுத்திடுகிறேன். பேனா உரசுவது ஒலிபெருக்கியில் கேட்கிறதா? கேட்கட்டும்.

முதல்வர் அம்மையார் அவர்களே, அந்த நாடாவை அவிழ்க்க வேண்டாம். ஏழாம் பதிப்பு இன்று வெளியாகாது. அச்சிட்ட செலவு என்னைச் சேர்ந்தது. தலைவர் அவர்களே, இந்தத் தாளின் நகல் ஒன்று உங்களுக்கு. தலைவர் என்னைப் பார்க்கவில்லை. முதற்படியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

பின்னால் விருந்து தயாராகிவிட்டது. வாசனை மேடை வரை வருகிறது. சமையற்காரப் பெருமக்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் விருந்துக்கு இருக்கப் போவதில்லை. ஆலை இங்கிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம். கடைசி மணி இரண்டு மணிக்கு. விசாரித்து வைத்திருக்கிறேன், அது இஸ்திரி அக்காவின் முறை. அவரோடு உட்காரவேண்டியவர் பாய்லர் மாமா. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடத்தில் வேறு யாரையும் போடவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த அம்மா, பக்கத்தில் வெற்றுப் பலகையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தனியாகச் சாப்பிடுகிறார்.

அங்கே போகிறேன். கையெழுத்தைக் கொடுப்பேன். பிறகு, இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் எனக்குக் கிடைத்து, மூன்று நாளும் நான் தள்ளிவிட்டதை, நானாகக் கேட்கப் போகிறேன். 'அக்கா, பசிக்குது, ஒரு வாய் கொடுப்பீங்களா' என்று கேட்கப் போகிறேன். 'இந்தா' என்று நீட்டுவாரா, எழுந்து போய்விடுவாரா, எனக்குத் தெரியாது. நீட்டாவிட்டால் அதுவும் நியாயம்தான். கைகட்டி நின்றுவிட்டு வருவேன்.

மணி ஒன்றரை ஆகிறது. குனிந்த தலையோடு நின்றவனை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. இன்று வீட்டுக்குப் போய் யாரோடாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். எனக்குப் பேருந்து வந்துவிடும். வணக்கம்.